மாட்டு இதயத்துக் கொழுப்பும் ஒரு சிவப்பு டிக்கும்

என் வேலைக்காலத்தில் நான் அதிகம் புழங்கிய பொருள் எது என்று யாராவது கேட்டால், ஒரு கொழுப்பு என்று சொல்வேன். கேட்டவர்கள் உடனே என் இடுப்பைப் பார்ப்பார்கள். அந்தக் கொழுப்பு இல்லை. இது விரல் உயரக் கண்ணாடிக் குப்பியில், ஸ்பிரிட்டில் கரைந்து, தண்ணீர் மாதிரித் தெளிவாக வரும். பெயர் கார்டியோலிப்பின். மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்தது.

எண்பதுகளின் பின்பாதியில் அரூர்ப் பக்கம் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீசியன். ஒரே அறை, ஒரே மைக்ராஸ்கோப், ஒரே ஆள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும், அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடும்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருகிற நாள். எல்லோருக்கும் வி.டி.ஆர்.எல். என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. சிபிலிஸ் என்கிற மேகநோய் இருக்கிறதா என்று பார்ப்பது. ஊரில் அதற்குப் பெயர் பொம்பளைச் சீக்கு. ஆம்பளைக்கு வந்தாலும் அதே பெயர்தான். பழி யார் தலையில் விழும் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

குப்பியில் இருக்கும் கொழுப்பை உப்புத்தண்ணீரில் சொட்டுச் சொட்டாகக் கலக்கினால் பால் போலக் கலங்கும். அதில் ஒரு சொட்டை நோயாளியின் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீரில், விட்டு, கண்ணாடித் தகட்டை நாலு நிமிஷம் வட்டமாகச் சுற்ற வேண்டும். சுற்றுகிற மெஷின் இருந்தது. கரண்ட்தான் இருக்காது. கையாலேயே சுற்றுவேன். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நோய் இல்லாதவர் ரத்தத்தில் கொழுப்புத் துகள்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். இருக்கிறவர் ரத்தத்தில் கேழ்வரகுக் கூழ் கட்டி தட்டின மாதிரி திரண்டு நிற்கும். அப்படித் திரண்டால் 'ரியாக்டிவ்' என்று எழுத வேண்டும்.

ஆனால் நாங்கள் எழுத மாட்டோம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நோயின் பெயரைச் சீட்டில் எழுதினால் வழியில் யாராவது படித்துவிடுவார்கள், பெண்ணின் மானம் போய்விடும் என்று, ஓ.பி. சீட்டின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் மட்டும் போடுவோம். கூடவே ஒரு வாக்கியம், வாயால்: "அடுத்த வாரம் வூட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க." டாக்டரம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நாங்கள் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். சுற்று வட்டாரத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த டிக்குக்கு அர்த்தம் தெரியும் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமம். வயது இருபத்து நாலு இருக்கும். மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள், மூன்றும் ஐந்தாவது ஆறாவது மாசத்தில். இது நாலாவது, மூன்று மாசம். புருஷன் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் மோட்டார் பார்க்கிறவர். கல்யாணத்துக்கு முந்தி இரண்டு வருஷம் இவள் தன் அப்பா அம்மாவோடு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தாள். இதையெல்லாம் ரத்தம் எடுக்கும்போது அவளாகவே சொன்னாள். ஊசியைப் பார்க்காமல் இருக்கப் பேசிக்கொண்டே இருக்கிற ரகம்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து டிக் போட்டுச் சீட்டை நீட்டினேன்.

அவள் மூலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, இது எங்கூட்ல கெடையாதுங்க" என்றாள்.

"இங்க வர்றவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. அடுத்த ஆளு வாங்க" என்றேன்.

அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையலாம் போலிருக்கிறது.

மறுவாரம் புருஷன் வந்தார். நெட்டையான ஆள், சட்டையில் கிரீஸ் கறை, தரையைப் பார்த்தபடியே கையை நீட்டினார். அவர் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை. துகள்கள் அழகாகச் சிதறிக் கிடந்தன. நல்ல செய்தி என்று நினைத்து நான் சத்தமாகவே சொன்னேன்: "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க." அவர் முகம் செத்துப்போனது. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவருக்கு இல்லை என்றால் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்பார்கள். கேட்டார்கள். பெங்களூரிலிருந்து கொண்டுவந்தாள் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். பஸ்ஸில் சீட்டைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி ஏற்கெனவே கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள். தாய் வீட்டுக்குப் போ, பிள்ளை தங்கினால் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று மாமியார் சொன்னாராம். இவள் போகவில்லை. "நான் போனா நீங்க சொல்றது நெசமாயிடும் அத்தை" என்று சொல்லிவிட்டுச் சமையலுக்கு விறகு எடுத்து வைத்தாளாம்.

பென்சிலின் ஊசி வாரத்துக்கு ஒன்றாக மூன்று போட்டோம். ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு நாள் நொண்டினாள். சில வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தேன். சீரத்தைப் பாதியாக, கால்வாசியாக உப்புத்தண்ணீர்விட்டு இளக்கிப் பார்ப்போம். முன்பு எந்த அளவுவரை கட்டி தட்டியதோ, இப்போதும் அதே அளவுவரை தட்டியது. ஒரு பிசிறும் குறையவில்லை.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ஒங்க மருந்து கெட்டுப் போயிருக்குமோ?" என்று கேட்டாள்.

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். என் மருந்தா? என் கையா? அவளை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, புதுக் குப்பி உடைத்து, புதிதாகக் கலக்கி, அவள் கண் முன்னாலேயே மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் கட்டி தட்டியது. பக்கத்திலேயே என் ரத்தத்தையும் வைத்திருந்தேன், அது சுத்தமாக இருந்தது. "பாத்தீங்களா? எம்மேல தப்பில்ல" என்றேன்.

அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, "இதுல அந்தச் சீக்கோட பூச்சி எதுங்க்கா?" என்று கேட்டாள்.

"பூச்சி இதுல தெரியாதுங்க. இது மாட்டு நெஞ்சுக் கொழுப்பு. அதோட ஒங்க ரத்தம் சண்ட போடுது, அதான் தெரியுது."

"அப்ப எனக்கும் பூச்சிக்கும் என்னங்க சம்பந்தம்? எனக்கும் மாட்டுக்குந்தானே தகராறு?"

பரீட்சைக்கு இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நோய்க்கிருமி உடம்பின் செல்களைச் சிதைக்கும்போது உள்ளேயிருக்கும் இந்தக் கொழுப்பு வெளியே சிந்துகிறது, உடம்பு அதை எதிரி என்று எண்ணி எதிர்ப்புப் பொருள் உண்டாக்குகிறது, அதைத்தான் நாம் பார்க்கிறோம் என்று. கிருமியை நாம் பார்ப்பதே இல்லை. கிருமி இல்லாமலே அந்த எதிர்ப்பு வேறு காரணத்தால் வரலாம் என்றும் பாடத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை ஒரு சித்தாள் பெண் மைக்ராஸ்கோப்பில் ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். என்ன மூளை! எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் அவளை ஒழுங்காகப் பார்த்தேன். இடது கால் வலது காலைவிடத் தடித்திருந்தது. கேட்டேன். இரண்டாவது பிள்ளை போனபின் வீங்கியது, வற்றவே இல்லை என்றாள். காலில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்று தோன்றியது. விரலைக் குத்தி மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏற்றி, அரை நிமிஷத்துக்கு ஒரு துண்டாக ஒடித்துப் பார்த்தேன். ரத்தம் உறைந்தால் ஒடிக்கும்போது நூல் இழுக்கும். எல்லோருக்கும் ஐந்தாறு நிமிஷத்தில் இழுக்கும். இவளுக்குப் பத்து நிமிஷம் தாண்டியும் இழுக்கவில்லை. உடம்புக்குள்ளே தேவையில்லாமல் உறைகிற ரத்தம், கண்ணாடிக்குள்ளே உறைய மாட்டேன் என்கிறது. இதென்ன வேடிக்கை என்று சீட்டையும் குழாய்த் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

டாக்டரம்மா பேச்சுக் குறைந்தவர். கேட்டு முடித்துவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். கார்டியோலிப்பினுக்கு எதிராகவே சிலர் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது, அவர்களுக்கு ரத்தக் குழாயில் உறைவு வருகிறது, நஞ்சுக்கொடியில் உறைந்து பிள்ளைகள் போய்விடுகின்றன, அவர்களுக்கு வி.டி.ஆர்.எல். பொய்யாக ரியாக்டிவ் காட்டும் என்று அதில் இருந்தது. ரத்தம் உறைவதற்கே இந்த வகைக் கொழுப்புகள் வேண்டும். கண்ணாடிக் குழாயில் அந்தக் கொழுப்பை எதிர்ப்புப் பொருள் மறித்துக்கொள்வதால்தான் நூல் இழுக்கவில்லை. "இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது" என்றார். நோய்க்கிருமியையே வைத்துச் செய்கிற வேறொரு பரிசோதனை பெரிய ஊர்களில் இருந்தது. சீரத்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து பெங்களூர் பஸ்ஸில் அனுப்பினோம்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கிருமி இல்லை. எப்போதாவது இருந்ததற்கான அடையாளமும் இல்லை.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ முனகினேன். அவள் அழவில்லை.

"இத நான் போய்ச் சொன்னா யாரு நம்புவாங்க? டிக் போட்டது நீங்க. நீங்களே வந்து எங்கூட்ல சொல்லுங்க்கா."

ஆஸ்பத்திரி ஆட்கள் வீடு வீடாகப் போய் ரிப்போர்ட் சொல்வதில்லை என்றேன். "டிக்கு மட்டும் வூடு வூடா போச்சே" என்றாள்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். வழியெல்லாம் மரவள்ளிக் காடு, தூரத்தில் மலை. வீட்டில் மாமியார் புளி தட்டிக்கொண்டிருந்தார். புருஷன் மில்லுக்குப் போகாமல் காத்திருந்தார். கதை கொண்டுவந்த பக்கத்து ஊர்க்காரியையும் இவள் எப்படியோ வரவழைத்து உட்காரவைத்திருந்தாள். என்னைப் பாயில் உட்காரச் சொல்லிவிட்டு எதிரில் நின்றாள்.

"இவங்களுக்கு அந்தச் சீக்கு இல்லீங்கம்மா. எப்பவும் இருந்ததில்ல. நான் டிக் போட்டது தப்பு" என்றேன்.

மாமியார் லேசில் விடுகிற ஆள் இல்லை. "அப்ப இவ ரத்தத்துல என்னதாம்மா கெட்டுக் கெடக்குது?"

சொல்லத் தொடங்கினேன். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி உண்டாக்குகிற சின்னச் சின்ன மில் இருக்கிறது, அதன் உள்சுவரில்தான் இந்தக் கொழுப்பு இருக்கிறது, இதயம் ஒரு நாளும் லீவு போடாத இடம் என்பதால் அங்கே அதிகம் என்றேன். மாமியாருக்கு ஒன்றும் ஏறவில்லை. புருஷன்தான் முதன்முதலாக வாயைத் திறந்தார். "மோட்டார் ஓடறப்ப ஆடாம இருக்க அடியில போல்ட்டு போட்டு இறுக்கறோமில்லீங்க, அந்த மாதிரியா?"

"அதேதாங்க!" என்று கத்தியேவிட்டேன். அந்தச் சுவரில் வரிசையாக இருக்கிற மெஷின்களை இடம் பிசகாமல் பிடித்து வைத்திருப்பது இந்தக் கொழுப்புதான். அந்தச் சுவரிலுள்ள மற்றக் கொழுப்புகளுக்கு இரண்டு வால் என்றால் இதற்கு நாலு. அவர் சொன்ன போல்ட்டைவிட நல்ல விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் இன்றுவரை படிக்கவில்லை.

"இவ ரத்தத்துல காவலு ஜாஸ்திங்கம்மா. திருடன் வராமலே, வூட்டு போல்ட்டையே திருடன்னு நெனச்சு அடிக்குது. அதான் புள்ளைங்க தங்கல. இவ தப்பு இல்ல, உங்க மகன் தப்பு இல்ல."

"மாட்டுக் கொழுப்புன்னு இவ வந்து சொன்னாளே?" என்றார் மாமியார்.

"மாட்டு நெஞ்சுல இருக்கறதும் நம்ம நெஞ்சுல இருக்கறதும் ஒண்ணுதாங்க."

மாமியார் புளிக் கொட்டையை ஒருபக்கமாக ஒதுக்கினார். "அப்ப எனக்கும் அதேதானா?" என்றார். ஆமாம் என்றேன். தன் மார்பை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார்.

கிளம்பும்போது அவள் பழைய ஓ.பி. சீட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். கையில் புதுச் சிவப்புப் பென்சில், கடையில் வாங்கிச் சீவி வைத்திருந்தாள். "அதே கலர்லயே அடிச்சிடுங்க்கா." டிக்கின் மேல் குறுக்காகக் கோடு போட்டு, கீழே 'சிபிலிஸ் இல்லை' என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைப் பக்கத்து ஊர்க்காரியிடம் நீட்டி, "படிங்க" என்றாள். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. இவளே சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

மானம் மீண்டுவிட்டது. பிள்ளையைக் காப்பாற்றுவது இன்னும் மிச்சமிருந்தது. டாக்டரம்மா தினம் சின்ன அளவில் ஆஸ்பிரின் கொடுத்தார். "இது போதுமான்னு தெரியாது. நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவள் செவ்வாய் தவறாமல் வந்தாள். ஐந்தாம் மாசம் வந்தபோது அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள், ஊசி குத்தும்போதுகூட. எனக்குப் பயமாக இருந்தது. ஆறாம் மாசத்தில் ஒருநாள் தானாகவே என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரிச் சிரித்தோம்.

அந்த மாதங்களில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பிற்பாடும் விடவில்லை. இந்தக் கொழுப்பு சரியாக அமையாமல், இதயம் தளர்ந்து பிறக்கிற ஆண் குழந்தைகள் உண்டு என்று படித்தேன். உள்ளே சேதமானால் இதே கொழுப்புதான் சுவரின் வெளிப்பக்கம் வந்து நின்று தகவல் கொடுக்கிறது என்று படித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இவ்வளவு வேலை பார்க்கிறது. நானோ அதை ஒரு பெண்ணின் நடத்தையை அளக்கும் கோலாக வைத்திருந்தேன். குப்பியை உடைக்கும்போதெல்லாம் அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. என்மேல் கொஞ்சம் குறைந்தது, நல்லதுதான்.

எட்டாம் மாசத்தில், ஒரு வியாழக்கிழமை காலையில், பெண் குழந்தை பிறந்தது. எலிக்குஞ்சு மாதிரி இருந்தாலும் அழுகை மட்டும் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. தாய் ரியாக்டிவ் என்றால் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்பது விதி. கொண்டுவந்து கொடுத்தார்கள். கரண்ட் இல்லை. நாலு நிமிஷம் கையால் சுற்றினேன். குனிந்து பார்த்தேன். கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது.

தாயின் எதிர்ப்புப் பொருள் கொடி வழியாக வந்தது, சில மாசத்தில் தானே போய்விடும், எனக்குத் தெரியும். சிவப்புப் பென்சில் மேஜையில்தான் கிடந்தது. தொடவில்லை. நீலப் பேனாவில் நாலு வரி முழுசாக எழுதிக்கொண்டு நானே வார்டுக்குப் போனேன். அவள் குழந்தையை மார்போடு ஒட்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் மாமியார் வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"புள்ளைக்கும் ரியாக்டிவ்தாங்க" என்றேன். "பயப்பட ஒண்ணுமில்ல."

மாமியார் தலை நிமிராமலே, "அந்த நெஞ்சுக் கொழுப்பு சமாச்சாரந்தானே?" என்றார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இருக்கறதேவா, இதுக்கும்?"

"ஒங்ககிட்டயிருந்து போனதுதாங்க."

மூன்று பிள்ளைகள் போனதைச் சொன்னபோதும் அழாதவள், டிக்குக்கு அழாதவள், அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே குழந்தையின் தலையை முகர்ந்தாள்.

"அப்ப எம்புள்ளதாங்க்கா" என்றாள். "நெசமாவே எம்புள்ளதான்."